சி-ஆர்ம் பக்கத்தில் எங்கே நிற்பது? ஸ்பைன் ஓ.டி.யில் (முதுகெலும்பு அறுவை அரங்கில்) கதிர்வீச்சு பற்றி ஒரு கேள்வி

செராஸ்_எம்ஓ:

வணக்கம். கோலாலம்பூரில் ஆர்த்தோ எம்.ஓ.வாக (எலும்பு அறுவைப் பிரிவு மருத்துவ அதிகாரியாக) இருக்கிறேன், அடுத்த மாதம் ஸ்பைன் பிரிவுக்குப் போகிறேன். அங்கே முதுகைத் திறக்காமல் சின்னத் துளை வழியாகப் பெடிக்கிள் ஸ்குரூ (முள்ளெலும்பின் பின்பக்கத் தூணான பெடிக்கிள் வழியாக ஏற்றும் திருகு) போடும் கேஸ்கள்தான் அதிகம். சி-ஆர்ம் (அறுவையின்போதே எக்ஸ்ரே படம் காட்டும் சி வடிவக் கருவி) இல்லாமல் ஓர் அடி நகராது. ஈய ஏப்ரனும் கழுத்தை மறைக்கும் தைராய்டு காலரும் வாசலில் தொங்கும், வாங்கும் கதிரை அளக்கும் பேட்ஜ் கொடுப்பார்கள். அதற்குமேல் யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை.

ஏ.பி. (முன்-பின் படம்), லேட்டரல் (பக்கவாட்டுப் படம்) இரண்டிலும் அசிஸ்டென்ட் எந்தப் பக்கம் நிற்பது? ஊசியைப் பிடித்திருக்கும் கை படத்தில் விழுகிறதே, ஈயக் கையுறை போட்டால் போதுமா? ஏப்ரன் 0.25 மி.மீ. ஈயத்துக்குச் சமமானதை எடுப்பதா, 0.5 எடுப்பதா? பேட்ஜ் ஏப்ரனுக்கு உள்ளேயா, வெளியேயா? விவரம் தெரிந்தவர்கள் எண்ணோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

பினாங்கு_எக்ஸ்ரே:

வணக்கம் டாக்டர். ரேடியோகிராஃபர் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

உங்கள்மேல் படுவது பெரும்பாலும் எக்ஸ்ரே குழாயிலிருந்து நேராக வரும் கதிர் அல்ல. நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறி வருவது. அந்த அறையில் எரிகிற விளக்கு நோயாளியின் உடம்புதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதிர் உள்ளே நுழைகிற பக்கத்தில் சிதறல் அதிகம். மறுபக்கம் வந்து சேருவதற்குள் உடம்பே பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. எங்கே நிற்பது என்பதற்கு இதிலேயே பதில் இருக்கிறது.

லேட்டரலில் டிடெக்டர் (குழாய்க்கு நேர் எதிரே படத்தைப் பிடிக்கும் முனை) இருக்கும் பக்கம் நில்லுங்கள். குழாய்ப் பக்கம் நிற்பவர் வாங்குவது பல மடங்கு. ஸ்குரூ இரண்டு பக்கமும் போட வேண்டுமே என்பீர்கள். போடுங்கள். ஆனால் ஷாட் எடுக்கும் நொடியில் குழாய்ப் பக்கம் நிற்பவர் இரண்டு எட்டு பின்னால் போக வேண்டும். பெரும்பாலும் அந்தப் பக்கம் மாட்டுவது அசிஸ்டென்ட்தான், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். நோயாளியிடமிருந்து அரை மீட்டரில் நிற்பவர் ஒரு மீட்டருக்கு நகர்ந்தால் நான்கில் ஒரு பங்கு. இரண்டு மீட்டருக்கு நகர்ந்தால் பதினாறில் ஒரு பங்கு. எந்த ஏப்ரனும் இவ்வளவு மலிவாக இதைச் செய்யாது.

ஏ.பி.யில் குழாய் மேசைக்குக் கீழே, டிடெக்டர் மேலே. கை நுழைய இடம் வேண்டும் என்று சிலர் ஆர்மைத் தலைகீழாகத் திருப்பச் சொல்வார்கள். குழாய் மேலே போனால் சிதறல் நேராக முகத்துக்கும் கழுத்துக்கும் வரும். கீழே இருந்தால் கால்களுக்குப் போகும், ஆகவே ஏப்ரனின் ஸ்கர்ட் முழங்காலுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும்.

டிடெக்டரை முதுகுக்கு எவ்வளவு நெருக்கமாகக் கொண்டுவர முடியுமோ அவ்வளவு நெருக்கமாக. இடைவெளி விட்டால் கருவி தானாகவே அளவைக் கூட்டும், நோயாளியின் தோலும் குழாய்க்கு அருகில் போய்விடும்.

கருவியை ஆன் செய்ததும் எந்த மோடில் நிற்கிறது என்று ஒருவர் பார்க்க வேண்டும். தொடர் கதிரில் நின்றால் பல்ஸுக்கு (விட்டுவிட்டு வரும் கதிருக்கு) மாற்றுங்கள், நொடிக்கு 8 பல்ஸ் இந்த வேலைக்குத் தாராளம். ஊசி நகர்வதைப் பார்க்க லைவ் (ஓடும் படம்) தேவையில்லை. ஒற்றை ஷாட் எடுத்து, திரையில் நிற்கும் கடைசிப் படத்தைப் பார்த்தே வேலை செய்யலாம். கதிரின் அகலத்தைக் கட்டுப்படுத்தும் காலிமேட்டரை இரண்டு முள்ளெலும்பு அளவுக்குக் குறுக்கினால் சிதறல் குறையும், படமும் தெளியும். ஜூம் பொத்தானை மட்டும் சும்மா தொடாதீர்கள். படம் பெரிதாகும்போது அளவும் ஏறுகிறது.

சின்ன விஷயம், ஆனால் மிச்சப்படுத்துவது பெரியது: முதல் ஏ.பி.யும் முதல் லேட்டரலும் சரியாக அமைந்ததும் சக்கரம் நிற்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள், இரண்டுக்கும் இரண்டு நிறம். சாய்வுக் கோணத்தைக் கருவியிலேயே எழுதி ஒட்டுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் இடம் தேடியே ஐந்தாறு ஷாட் போய்விடும். பேசும் சொல்லையும் முன்கூட்டியே ஒத்துக்கொள்ள வேண்டும். "கொஞ்சம் மேலே" என்றால் ஆர்ம் உயர வேண்டுமா, தலைப்பக்கம் நகர வேண்டுமா? தலைப்பக்கம், கால்பக்கம், சாய்வு, சுழற்சி என்று நான்கு சொல் போதும்.

கதிர் ஓடிய நேரம் 5 நிமிடம் சேர்ந்ததும் கருவி ஒலி எழுப்பும். அதைப் பெரும்பாலும் கவனிக்காமலே அமுக்கிவிடுகிறார்கள். அமுக்குவதற்கு முன் "ஐந்து நிமிடம் ஆகிவிட்டது" என்று சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள்.

அளவை_மானி:

மருத்துவ இயற்பியல் என் துறை. மேலே சொன்னதற்கு எண் சேர்க்கிறேன்.

நோயாளியின் தோலில் நுழையும் அளவில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு, ஒரு மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் நிற்பவரை வந்தடையும். கணக்குக்காக இடுப்பு லேட்டரலில் தோலில் நிமிடத்துக்கு 20 மில்லிகிரே (கிரே என்பது உள்வாங்கும் கதிரின் அலகு) என்று எடுத்துக்கொள்வோம். ஒரு மீட்டரில் நிமிடத்துக்கு 20 மைக்ரோகிரே, அரை மீட்டரில் 80. ஒரு கேஸுக்கு 3 நிமிடம் என்றால் 240 மைக்ரோகிரே, அதாவது சுமார் 0.24 மில்லிசீவர்ட் (சீவர்ட் என்பது அந்தக் கதிர் உடம்பைப் பாதிக்கும் அளவின் அலகு). ஆண்டுக்கு 100 கேஸ் என்றால் 24 மில்லிசீவர்ட். இது ஏப்ரனுக்கு வெளியே, மறைப்பில்லாத கண்ணும் கழுத்தும் வாங்கும் அளவு. அதே 100 கேஸில் ஒரு மீட்டர் தள்ளி நின்றவருக்கு 6.

இதை வரம்போடு வைத்துப் பாருங்கள். 1984-ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டத்தின் கீழ் வந்த 2010 விதிமுறைகள் நம் மலேசியாவில் கதிர்வீச்சோடு வேலை செய்பவருக்கு உடல் முழுமைக்கும் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்று வைத்திருக்கின்றன. மருத்துவமனைகளில் அதைப் பார்த்துக்கொள்வது சுகாதார அமைச்சு. கண்வில்லைக்குப் பழைய அனைத்துலகப் பரிந்துரை 150 ஆக இருந்தது. 2011-இல் அனைத்துலகக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் அதை 20-க்கு இறக்கியது (ஐந்தாண்டுச் சராசரி, எந்த ஓர் ஆண்டிலும் 50-ஐத் தாண்டக் கூடாது). முன்பு நினைத்ததைவிடக் குறைந்த அளவிலேயே கண்புரை வருவது தெரியவந்ததுதான் காரணம். வில்லையின் பின்புறத்தில் படரும் வகைதான் கதிர்வீச்சோடு அதிகம் சேர்த்துப் பேசப்படுவது. கைத்தோலுக்கு வரம்பு 500.

ஆகவே ஸ்பைனில் முதலில் வரம்பை எட்டக்கூடியது கண். உடம்பு அல்ல. ஏப்ரன் உடம்பைக் காத்துவிடுகிறது.

மற்ற எலும்பு அறுவைகளில் பழகியவர்கள் இங்கே கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டும். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த, சடலங்களில் பெடிக்கிள் ஸ்குரூ போட்டு அளந்த ஓர் ஆய்வில், மற்ற எலும்பு அறுவைகளைவிட மருத்துவர் வாங்கும் அளவு 10 முதல் 12 மடங்கு என்று வந்தது. மணிக்கட்டைப் படமெடுக்கப் போதும் கதிர் இடுப்பைக் கடந்து போகாது. தடித்த உடம்பைத் துளைக்கக் கருவி அளவை ஏற்றுகிறது, சிதறலும் அதோடு ஏறுகிறது. நோயாளி பருமனாக இருந்தால் இன்னும் கூடும்.

கையுறைக்கு வருகிறேன். நேர்க் கதிருக்குள் கையை வைப்பதற்கு ஈயக் கையுறை பதிலே அல்ல. படம் இருண்டதைக் கண்டதும் கருவியின் தானியங்கிக் கட்டுப்பாடு அளவை ஏற்றிவிடும். கையுறை தடுத்ததில் ஒரு பகுதி அப்படியே திரும்ப வந்துவிடும், நோயாளிக்கும் அறையில் உள்ள மற்றவர்களுக்கும் கூடுதலாகப் போகும். போதாததற்கு, கையுறை போட்ட தைரியத்தில் கை அங்கேயே தங்கும். சிதறலுக்கு எதிராக மெல்லிய கையுறை ஓரளவு உதவும், அவ்வளவுதான். படத்தில் விரல் எலும்பு தெரிந்தால் அந்த ஷாட்டில் ஏதோ தவறாக நடந்திருக்கிறது. சதையை விலக்கிப் பிடிக்கும் உலோக ரிட்ராக்டர் படத்துக்குள் கிடந்தாலும் இதே கதை, கருவி அளவை ஏற்றும்.

கண்ணாடி கட்டாயம். சாதாரணமாகக் கிடைப்பது 0.75 மி.மீ. ஈயத்துக்குச் சமமானது. ஆனால் வில்லை தடுக்கும் அளவுக்குக் கண் காக்கப்படுவதில்லை. சிதறல் கீழிருந்து வருகிறது, கன்னத்துக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள சந்து வழியாக ஏறுகிறது. முகத்தோடு ஒட்டி வளைந்த, பக்க மறைப்புள்ள சட்டம் எடுங்கள். மானிட்டர் வைக்கும் இடமும் முக்கியம். அது உங்கள் தோளுக்குப் பக்கத்தில் இருந்தால் ஒவ்வொரு ஷாட்டிலும் தலை திரும்பி, கண்ணாடியின் திறந்த ஓரம் நோயாளியை நோக்கி நிற்கும். நேர் எதிரே வைக்கச் சொல்லுங்கள்.

பேட்ஜ் இரண்டு வேண்டும். ஒன்று ஏப்ரனுக்குள் மார்பு அல்லது இடுப்பு மட்டத்தில், மற்றது வெளியே காலரில். உடல் முழுமைக்குமான அளவுக்கு உள் எண்ணில் பாதியையும் வெளி எண்ணில் 0.025 பங்கையும் கூட்டுவார்கள். உள்ளே 0.4, வெளியே 4 என்று வந்தால் 0.2 + 0.1 = 0.3 மில்லிசீவர்ட். உடம்புக்கு இது ஒன்றுமில்லை. ஆனால் கண்ணின் கணக்கு அந்த வெளி 4-இல் இருக்கிறது. ஒரே பேட்ஜை உள்ளே மட்டும் மாட்டினால் கண்ணைப் பற்றி எதுவும் தெரியாது. ஊசி பிடிப்பவர் விரலுக்கு மோதிர டோசிமீட்டரும் கேட்டு வாங்கலாம்.

ரீடிங் கெடுவதற்கு வழக்கமான காரணங்கள்: உள்ளும் வெளியும் இடம் மாறுவது, ஏப்ரனோடு பேட்ஜையும் ஓ.டி.க்குள் தொங்கவிட்டுப் போவது, வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடுவது. இன்னொன்றும் உண்டு. மாதம் இருபது கேஸ் செய்பவரின் பேட்ஜ் தொடர்ந்து சுழியம் காட்டினால் அது நல்ல செய்தி அல்ல. பேட்ஜ் லாக்கரில் இருந்திருக்கிறது. ஆர்.பி.ஓ. (கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி) கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

ஜார்ஜ்டவுன்_ஸ்பைன்:

மேலே இருவரும் சொன்னதில் பெரும்பாலும் எனக்கு உடன்பாடு. ஒன்றில் மட்டும் இல்லை. குறைந்த அளவு மோடைப் பிடிவாதமாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். எலும்பு தேய்ந்த வயதான அம்மாவுக்கு, அதுவும் பருமனான உடம்பில், எல்5-எஸ்1 (கீழ்முதுகின் கடைசி மட்டம்) லேட்டரலைக் குறைந்த அளவில் எடுத்தால் பனிமூட்டம்தான் தெரியும். தெரியவில்லை என்று ஐந்து ஷாட் எடுப்பதைவிட, சாதாரண மோடுக்கு மாற்றி ஒன்று எடுத்துவிட்டுத் திரும்ப இறக்குவது மேல்.

தங்கச்சி, கதிர் குறைவது பாதிக்குமேல் வேலை செய்யும் வரிசையில்தான் இருக்கிறது. துணி போர்த்துவதற்கு முன், தோல்மேல் கம்பியை டேப்பால் ஒட்டி, எல்லாரும் இரண்டு மீட்டர் தள்ளி நின்று மட்டத்தைப் பார்த்துப் பேனாவால் குறித்துவிடுங்கள். அப்போது கை எதுவும் உள்ளே இருக்கத் தேவையில்லை.

ஏ.பி. அமைக்கும்போது மேல் எண்ட்பிளேட் (முள்ளெலும்பு உடலின் மேல்தட்டு) ஒற்றைக் கோடாகத் தெரிய வேண்டும், ஸ்பைனஸ் பிராசஸ் (முதுகுப் பக்கம் நீட்டும் எலும்பு முள்) இரண்டு பெடிக்கிளுக்கும் நட்டநடுவில் இருக்க வேண்டும். இது அமையாமல் ஊசியைத் தொடாதீர்கள். பிறகு ஜாம்ஷிடி (எலும்பைத் துளைக்கும் தடித்த குழல் ஊசி) முனை பெடிக்கிள் வட்டத்தின் வெளி விளிம்பில், திரையில் இடப்பக்கத்துக்கு 9 மணி, வலப்பக்கத்துக்கு 3 மணி. எலும்பில் முனை பிடித்ததும் ஊசித் தண்டில், தோல் மட்டத்திலிருந்து 20 மி.மீ. மேலே குறி போடுங்கள். குறி தோலைத் தொடும்வரை தட்டி இறக்குங்கள். இந்த 20 மி.மீ. முழுவதும் முனை வட்டத்தின் உள் விளிம்பைத் தாண்டக் கூடாது. அதன்பின் லேட்டரல் பார்த்தால் முனை முள்ளெலும்பு உடலின் பின்சுவரைத் தாண்டி நிற்க வேண்டும். உள் விளிம்பைத் தொட்டுவிட்டது, ஆனால் பின்சுவரை இன்னும் எட்டவில்லை என்றால் ஊசி தண்டுவடக் கால்வாயை நோக்கிப் போகிறது. வெளியே எடுத்துப் புதிதாகத் தொடங்குங்கள்.

எல்4, எல்5, எஸ்1 என்றால் ஆறு ஊசி. ஒவ்வொரு ஊசிக்கும் ஏ.பி., லேட்டரல், ஏ.பி., லேட்டரல் என்று ஆர்மைச் சுழற்றுவதுதான் தேவையில்லாத ஷாட்டுகளுக்குப் பெரிய காரணம். ஒவ்வொரு மட்டத்துக்கும் எண்ட்பிளேட்டைச் சரிசெய்துகொண்டு ஆறையும் ஏ.பி.யிலேயே 20 மி.மீ. இறக்கி முடித்துவிட்டு, ஒரே தடவை லேட்டரலுக்குத் திருப்புங்கள். அங்கே எல்லா முனையையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

கை விஷயம்: ஊசியைக் கோக்கர் கிளாம்பால் (நீளமான இடுக்கியால்) பிடியுங்கள். கிளாம்பின் நீளம் முழுவதும் உங்கள் விரலுக்கும் கதிருக்கும் நடுவில் கிடைக்கிறது. ஊசி எலும்பில் பிடித்த பிறகு பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியதும் இல்லை. விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்து ஷாட் கேளுங்கள். தட்டு, விடு, நகர், ஷாட். கை இந்த வரிசைக்குப் பழகிவிட்டால் வேகம் குறையாது.

ஷாட்டை மிச்சம் பிடிக்கக் கூடாத ஓர் இடமும் உண்டு. கைடு வயர்மேல் (ஊசி வழியாக இறக்கும் வழிகாட்டிக் கம்பிமேல்) மரை வெட்டும் டேப்பும் ஸ்குரூவும் போகும்போது வயரும் சேர்ந்து முன்னால் நகரும். முன்சுவரைத் துளைத்தால் அந்தப் பக்கம் பெரிய இரத்தக்குழாய்கள். சில சுற்றுக்கு ஒரு தடவை லேட்டரல் ஷாட் எடுத்தே ஆக வேண்டும். லைவ் வேண்டாம், ஒற்றை ஷாட் போதும். வயரின் வால் பகுதியைக் கிளாம்பில் பிடித்திருங்கள். எலும்புக்குள் சிமெண்ட் ஏற்றும்போதும் அப்படித்தான். கசிவைக் கண்ணால் பார்த்தாக வேண்டும், ஆகவே அங்கே படத்தைக் குறைக்காமல் தூரத்தைக் கூட்டுங்கள். நீளமான இணைப்புக் குழாய் வைத்துத் தள்ளினால் கை கதிரைவிட்டு வெளியே இருக்கும்.

தியேட்டர்_சிஸ்டர்:

டாக்டர், ஏப்ரன் பற்றி யாரும் முழுதாகச் சொல்லவில்லை. 0.25 மி.மீ. சிதறலில் சுமார் 90 சதவீதத்தைத் தடுக்கும், 0.5 மி.மீ. 95-க்கும் மேல். ஒற்றை முன்பக்க ஏப்ரனைவிட, மேலே வெஸ்ட், கீழே ஸ்கர்ட் என்று இரண்டாக வருவதைக் கேளுங்கள். சுற்றிக் கட்டும்போது முன்னால் இரண்டு 0.25 ஒன்றின்மேல் ஒன்று விழுந்து 0.5 ஆகும், முதுகில் 0.25 இருக்கும். எடையில் பாதி இடுப்பில் உட்காருவதால் நாலு மணி நேரக் கேஸில் தோள் தாங்கும். ஈயமில்லாத லேசான வகை வாங்கினால் லேபிளில் எத்தனை கிலோவோல்ட்டுக்கு அந்த எண் என்று பாருங்கள். எல்லா வோல்ட்டேஜிலும் அதே தடுப்பு கிடைக்காது.

அளவு சரியாக இருக்க வேண்டும். பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். ஆண்களுக்கு வெட்டிய பெரிய வெஸ்டைப் போட்டால் கை நுழையும் ஓட்டை அகலமாக வாய் பிளந்து நிற்கும். லேட்டரலில் நோயாளிக்குப் பக்கவாட்டாகத் திரும்பி, கையைத் தூக்கி ஊசி பிடிக்கிறீர்கள். அக்குளும் மார்பின் மேல் வெளிப்பகுதியும் அப்படியே திறந்து கிடக்கும். அமெரிக்காவில் பெண் எலும்பு அறுவை மருத்துவர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில் மார்பகப் புற்றுநோய் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தது. காரணம் கதிர்வீச்சுதான் என்று அது நிரூபித்துவிடவில்லை. ஆனாலும் அந்த ஓட்டையைத் திறந்து வைக்க எந்த நியாயமும் இல்லை. அக்குள் மறைப்பு தனியாகக் கிடைக்கிறது, குட்டைக் கை போலத் தைத்த வெஸ்டும் உண்டு.

முன்பக்க ஏப்ரன் மட்டும் போட்டிருப்பவர்கள் டிராலிப் பக்கம் திரும்பினால் முதுகு வெறுமையாக இருக்கும். ஸ்க்ரப் நர்ஸுக்கு இது ஒவ்வொரு கேஸிலும் நடக்கிறது. "ஷாட்" என்று சொல்லிவிட்டு ஒரு நொடி பொறுத்தால் திரும்பி நிற்கவோ பின்னால் போகவோ எங்களுக்கு நேரம் கிடைக்கும். தலைமாட்டில் மயக்க மருந்து டாக்டருக்கு நகரும் ஈயத் திரை ஒன்று வையுங்கள்.

ஏப்ரனை மடித்து நாற்காலிமேல் போடாதீர்கள். மடிந்த இடத்தில்தான் உள்ளே விரிசல் விடும். வெளித் துணி நன்றாக இருக்கும், எதுவுமே தெரியாது. அகலமான ஹேங்கரில் தொங்கவிடுங்கள். ஆண்டுக்கு ஒரு தடவையாவது விரித்து வைத்து ஃபுளூரோவில் (சி-ஆர்ம் படத்தில்) பார்க்க வேண்டும். இடுப்பு மடிப்பு, தோள் தையல், காலரின் கழுத்து வளைவு, இந்த மூன்று இடத்தையும் முதலில் பாருங்கள். சோதித்த தேதியை ஏப்ரனிலேயே ஒட்டியிருப்பார்கள். தேதி இல்லாததை எடுக்காதீர்கள்.

செராஸ்_எம்ஓ:

எல்லாருக்கும் மிக்க நன்றி. சிஸ்டர், அக்குள் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னும் இரண்டு. ஓ-ஆர்ம் (நோயாளியைச் சுற்றி வந்து முப்பரிமாணப் படம் எடுக்கும் கருவி), நேவிகேஷன் (அந்தப் படத்தின்மேல் ஊசி போகும் இடத்தைக் கணினி காட்டும் முறை) இருக்கும் இடத்தில் இதெல்லாம் தேவைப்படாதா? குழந்தைக்குத் திட்டமிடுகிறோம். கர்ப்பமானால் ஸ்பைன் பிரிவைவிட்டு வெளியேற வேண்டுமா?

ஜார்ஜ்டவுன்_ஸ்பைன்:

நேவிகேஷனில் ஸ்கேன் சுற்றும்போது எல்லாரும் ஈயச் சுவருக்குப் பின்னால் போய்விடலாம், அதனால் மருத்துவர் வாங்குவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. நோயாளிக்கு அப்படியல்ல, அவருக்கு சி-ஆர்மைவிடக் கூடலாம். ஆகவே ஸ்குரூ போட்டு முடித்ததும் இன்னொரு சுற்று தேவையா என்று ஒவ்வொரு தடவையும் யோசிக்க வேண்டும். ரெஃபரென்ஸ் ஃபிரேமில் (கணினி இடம் கணக்கிட எலும்பில் மாட்டும் அடையாளச் சட்டத்தில்) யாராவது முழங்கை இடித்தால் கணக்கு முழுவதும் நகர்ந்துவிடும். அதைச் சரிபார்க்க, தெரிந்த எலும்பு முனை ஒன்றை அடிக்கடி தொட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் மறுபடி ஸ்கேன், அல்லது சி-ஆர்முக்குத் திரும்ப வேண்டும். அப்போது ஏப்ரன் உடம்பில் இல்லையென்றால் கழுவிய கையோடு வெளியே போய் மாட்டிவர முடியாது. நேவிகேஷன் கேஸாக இருந்தாலும் போட்டுக்கொண்டே தொடங்குங்கள்.

அளவை_மானி:

கர்ப்பம் என்பதாலேயே வெளியேற வேண்டியதில்லை. தெரிந்ததும் ஆர்.பி.ஓ.விடம் எழுத்தில் அறிவியுங்கள். அறிவித்த பிறகு மீதிக் காலம் முழுவதற்கும் கருவுக்கு 1 மில்லிசீவர்ட் என்பது அனைத்துலகப் பரிந்துரை. ஏப்ரனுக்குள், வயிற்று மட்டத்தில் தனி பேட்ஜ் மாட்டுவார்கள், அதை மாதாமாதம் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். முன்னால் 0.5 மி.மீ. முழுதாக விழும்படி ஸ்கர்ட் பொருந்துகிறதா என்று வயிறு வளர வளரப் பார்க்க வேண்டும். மாதங்கள் போகப் போக இரண்டு மடிப்பும் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பிரிந்து, நடுவில் 0.25 மட்டும் நிற்கும். பெரிய அளவு கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

திட்டமிடுகிறீர்கள் என்றால் அதுவரை காத்திருக்க வேண்டாம். அந்த வயிற்று பேட்ஜை இப்போதே கேட்டு வாங்கி இரண்டு மூன்று மாதம் மாட்டிப் பாருங்கள். உங்கள் வேலையில் ஏப்ரனுக்குள் மாதத்துக்கு எவ்வளவு விழுகிறது என்பது கையில் இருந்தால், குழாய்ப் பக்கம் நிற்கும் கேஸ்களை மட்டும் விட்டால் போதுமா, மாற்றலே கேட்க வேண்டுமா என்பதை எண்ணை வைத்து முடிவு செய்யலாம்.